கனகலிங்கத்தார் மிருதங்கம் பழகுகிறார்

வாத்தியம் வாசிப்பவர்களை உங்களுக்குத் தெரியும். வாத்தியத்தின் பக்கமே போகாதவர்களையும் தெரியும். அவர்கள் நம்மிடையே அமைதியாக வாழ்ந்து அமைதியாகவே போய்ச் சேர்கிறார்கள், அவர்களால் யாருக்கும் தொல்லையில்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. பழகிக்கொண்டிருப்பவர். முப்பது வயதில் ஒரு வாத்தியத்தைப் பழகத் தொடங்கி, அறுபது வயதிலும் அதே உற்சாகத்தோடு, அதே முதலாம் பாடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பவர். உள்ளே போகமாட்டார். திரும்பியும் போகமாட்டார்.

இவர் இல்லாத ஊர் இல்லை. ஒரு பெயர் வேண்டுமென்பதற்காக நம்முடையவரைக் கனகலிங்கம் என்று வைத்துக்கொள்வோம். ஊர் வன்னியில் ஸ்கந்தபுரம். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நாலு ஏக்கர் வயல், ஒரு மனைவி, ஒரு மிருதங்கம். மிருதங்கம் பழகத் தொடங்கி முப்பத்தொரு வருடம் ஆகிறது. போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்துவிட்டாலும் இருபத்தாறு வரும். அதற்கு முதல் புல்லாங்குழல் பழகினார். மூச்சு முட்டுகிறது என்று விட்டார். நடுவில் கனடாவிலிருந்து மச்சான் ஒரு கீபோர்ட் அனுப்பினார். அதில் பழக ஒன்றுமில்லை, அமத்தினால் சத்தம் வந்துவிடுகிறது என்று கனகலிங்கத்தார் அதை அடியோடு வெறுத்தார். அமத்தினால் சத்தம் வரும் வாத்தியம் இந்த இனத்துக்குப் பரம எதிரி. மிருதங்கம் அப்படியில்லை. அதை வாசிக்கும் முன் செய்யவேண்டிய வேலைகள் எத்தனை! இடப்பக்கத் தோலில் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அப்பவேண்டும். அப்போதுதான் அது ‘தொம்’ என்று பேசும். வலப்பக்க விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கவேண்டும். தட்டினால் ஏறும். கூடத் தட்டினால் கூட ஏறும். பிறகு இறக்கவேண்டும். ஒரு மனிதன் விரும்பினால் இதிலேயே ஆயுளைக் கழித்துவிடலாம். கனகலிங்கத்தார் விரும்பினார்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். முதலில் கையைப் பாருங்கள். அவர் அந்தக் கையைப் பிறத்தியாருடைய குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல வைத்திருப்பார். அந்தக் கையால் அவர் விறகு கொத்துவதில்லை, வாளி தூக்குவதில்லை, நெல்மூட்டையின் பக்கமே போவதில்லை.

“இஞ்சாருங்கோ, இந்தத் தேங்காயை ஒருக்காத் திருவித் தாங்கோவன்” என்று குசினிக்குள் இருந்து கமலேஸ்வரி கேட்பார்.

“விரல் போயிடும், கமலேசு.”

“ஆற்றை விரல்? என்ரை விரலோ?”

“உனக்கென்ன, நீ வாசிக்கிறேல்லைத்தானே.”

கமலேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்து, தேங்காயைத் திருவத் தொடங்குவார். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் சில வசனங்களைத் தேங்காய்க்குச் சொல்வதே நல்லது.

அடுத்தது, காலநிலை. இந்த இனத்தவர் வானத்தைப் பார்க்கும் பார்வையே தனி. வெயிலில் தோல் இறுகும். மழையில் தளரும். ஆகவே வைகாசியில் வாசிக்க முடியாது, மார்கழியில் வாசிக்க முடியாது. வன்னியில் வெயிலும் கொளுத்தாமல் மழையும் பெய்யாமல் மிருதங்கத்துக்குத் தோதான நாள் வருடத்தில் இரண்டு வரும். அந்த இரண்டு நாளும் அவருக்குத் தடிமன், தும்மல்.

பரீட்சைகளும் எழுதியிருக்கிறார், தெரியுமா? சங்கீதப் பரீட்சையின் முதலாம் தரம். வெள்ளைச் சீருடையும் ரிப்பனுமாக எட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில், முழங்கால் மேசைக்குள் நுழையாமல், ஐம்பது வயதில் போய் இருந்து எழுதினார். எழுத்துப் பரீட்சையில் மூன்று முறை அதிவிசேட சித்தி. செய்முறைப் பரீட்சைக்கு மூன்று முறையும் சமுகமளிக்கவில்லை. ஒருமுறை மழை, ஒருமுறை வெயில், ஒருமுறை பரிசோதகர் வயதில் இளையவர்.

கச்சேரி என்றால் முன்வரிசைக் கதிரை. அங்கே கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டு, எல்லாரும் கைதட்டும்போது தான் மட்டும் தட்டாமல் மெல்லத் தலையை ஆட்டி, முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், வியர்வை துடைத்துக்கொண்டிருக்கும் மிருதங்கக்காரரின் தோளில் அந்தப் பெறுமதியான கையை வைத்து, “எல்லாம் நல்லாத்தான் கிடந்தது தம்பி. ரெண்டாவது பாட்டிலை வலந்தலை கொஞ்சம் இறங்கிப்போச்சு” என்பார். இறங்கியதா? இறங்கியிருக்கும். அதில்தான் சங்கடம். இந்த ஒன்றில் மட்டும் அவர் பிழைவிடுவதில்லை.

ஊரில் அவருக்கு ‘வித்துவான்’ என்று பெயர். அவர் வாசித்து யாரும் கேட்டதில்லை. ஆகவே அவர் பிழையாக வாசித்தும் யாரும் கேட்டதில்லை. ஒரு கலைஞனின் பெயருக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? பின்னேரங்களில் பூட்டிய அறைக்குள் இருந்து ‘டக், டக்’ என்று கல் தட்டும் சத்தம் வரும். வீதியால் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக மிதித்து, “வித்துவான் தொடங்கப் போறார் போலை” என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். தொடங்குவதற்குள் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவதால் மரியாதைக்குக் குறைவு வருவதில்லை.

அவருக்கு உண்மையிலேயே வாசிக்கத் தெரியுமா? அது அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பங்களை முப்பத்தொரு வருடமாக மிகுந்த சாமர்த்தியத்தோடு விலத்தி வந்தவர். அந்தச் சாமர்த்தியம் ஒருநாள் சறுக்கியது.

கமலேஸ்வரியின் தங்கை நேசமலர். நேசமலரின் ஒரே மகள் பிரியந்தினி. ஆவணி மாதத்தில் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வற்றாப்பளைப் பக்கம். முகூர்த்தம் காலை 10.12 முதல் 10.51 வரை, அழைப்பிதழில் அப்படித்தான் அடித்திருந்தது. அதை விட்டால் பிறகு மூன்று மாதத்துக்கு இந்தச் சாதகங்களுக்கு நல்ல நேரம் இல்லை என்று சாத்திரியார் எழுத்தில் கொடுத்திருந்தார். மண்டபம் நிறையச் சனம். ஐயர் வந்துவிட்டார். மாப்பிள்ளை வந்துவிட்டார். பந்தல், பலகாரம், படம் எடுக்கிறவர்கள், எல்லாம் வந்துவிட்டன. மேளம் வரவில்லை.

“பூநகரியிலை நிக்கிறம்” என்றது மேளக்குழுவின் தொலைபேசி ஒன்பது மணிக்கு. ஒன்பதரைக்கும் பூநகரியில் நின்றது. பத்து மணிக்குத்தான் வான் அச்சு முறிந்து, நாதஸ்வரமும் தவிலும் வெட்டவெளியில் ஒரு பனைமரத்துக்குக் கீழே இருக்கின்றன என்ற உண்மை வெளிவந்தது. வேறு மேளம் பிடிக்கலாமா? ஆவணி மாதத்து முகூர்த்த நாளில், எந்த மேளமும் ஏதோ ஒரு மணவறையில் கட்டுண்டு கிடக்கும்.

கெட்டிமேளம் இல்லாமல் தாலி ஏறுவதா? தாலி ஏறும் நேரத்தில் யாராவது தும்மினால்? ஒரு நாய் ஊளையிட்டால்? யாராவது வாய் தவறி ஒரு கெட்ட சொல் சொல்லிவிட்டால்? இதையெல்லாம் மூடி அமத்தத்தானே கெட்டிமேளம்? நேசமலரின் முகம் வெளிறிவிட்டது.

ஒலிபெருக்கி போட வந்திருந்த தவராசா மட்டும் கலங்கவில்லை. “அக்கா, இதுக்கேன் யோசிக்கிறியள்? போனிலை கிடக்கு. நீட்டுக் கெட்டிமேளம், கட்டைக் கெட்டிமேளம், நடுத்தரம். எது வேணும்?”

எல்லாருக்கும் உயிர் வந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் முன்வரிசைக் கதிரையிலிருந்து ஒருவர் எழுந்தார். எழுந்திருக்கவே வேண்டியதில்லை. இந்த இனத்தின் குறையே அதுதான். பேசாமல் இருக்கும் கலையை மட்டும் பழகுவதில்லை.

“போனிலையோ?” என்றார் கனகலிங்கத்தார். “தாலி கட்டேக்கை போனிலையோ? நடுவிலை விளம்பரம் வந்தா என்ன செய்வியள்?”

தவராசா தலையைச் சொறிந்தார். “சில நேரம் வரும்தான்.”

“என்ன விளம்பரம் வரும்?”

“போன கிழமை ஒரு வீட்டிலை முடி கொட்டுறதுக்கு எண்ணெய் வந்தது.”

சபை திடுக்கிட்டது. மாப்பிள்ளையின் பெரியதகப்பன் தன் தலையைத் தடவிக்கொண்டார். தாலி ஏறும் நேரத்தில் முடி கொட்டுவதைப் பற்றிப் பேசினால் அந்தக் குடும்பம் உருப்படுமா? கனகலிங்கத்தார் உற்சாகமாகி, தோல் வாத்தியத்தின் புனிதம் பற்றியும், மிசினில் வரும் சத்தத்துக்கு உயிர் இல்லை என்பது பற்றியும், கேட்கிற காது ஊரில் இல்லாமல் போனது பற்றியும் நாலு வார்த்தை சொன்னார். நன்றாகவே சொன்னார். முடித்துவிட்டு இருக்கப் போனபோது நேசமலர் முன்னால் நின்றார்.

“அப்ப நீங்கள் வாசியுங்கோ அத்தான்.”

மண்டபம் முழுக்க ஒரே குரலில் “அதுதானே!” என்றது. “வித்துவானைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு நாங்கள் போனைத் தேடுறம்” என்று யாரோ சிரித்தார்கள். கனகலிங்கத்தார் பின்னால் தடவிக் கதிரையைத் தேடினார். இத்தனை பேருக்கு முன்னால், மைக் வைத்து, அவருடைய முப்பத்தொரு வருடத்தின் பெறுமதி பத்து நொடிக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவருக்கும் தெரிந்துவிடும். அதுதான் கூடப் பயம்.

“வாத்தியம் வீட்டிலை” என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, பெண்ணின் தகப்பன் பரமேஸ்வரன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். ஆறு நிமிடத்தில் மிருதங்கம் அவர் மடியில் இருந்தபடி வந்து இறங்கியது. நேரம் 10.21. கூறையை வாங்கிக்கொண்டு பெண் உடுத்திவரப் போயிருந்தாள்.

“ரவை வேணும். ரவை இல்லாமல் இது பேசாது.”

சமையல் பொறுப்பு நல்லதம்பி அகப்பையோடு வந்தார். “ரவையோ? கேசரிக்கு எல்லாத்தையும் வறுத்திட்டன்.”

“வறுத்த ரவை ஒட்டாது” என்ற கனகலிங்கத்தாரின் குரலில் துக்கத்தைவிட வேறேதோ கூட இருந்தது. “என்ன செய்யிறது? விதி.”

“ஒரு பை வறுக்காமல் கிடக்கு” என்றார் நல்லதம்பி. அந்தக் கணத்தில் கனகலிங்கத்தார் அவரைப் பார்த்த பார்வையை நல்லதம்பி வீடு போகும்வரை விளங்கிக்கொள்ளவில்லை.

ரவை வந்தது. தண்ணீர் வந்தது. குழைத்தார். இறுகிப்போய்விட்டது என்றார். தண்ணீர் விட்டார். இளகிப்போய்விட்டது என்றார். ரவை போட்டார். கேசரிக்குத் தேவையான அளவைத் தாண்டியபின் அப்பினார். 10.33. கூறைச் சேலையில் பெண் வந்து மணவறையில் இருந்தாள். காற்றுப் பட்டால் தோல் இறுகும் என்று மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். ஆவணி வெயிலில் முந்நூறு பேர் வெந்தார்கள். மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குள் இருந்து வியர்வை வரிசையாக இறங்கியது.

“ஐயா, எந்தச் சுருதியிலை சேர்க்க?” என்று ஐயரைக் கேட்டார்.

“தாலி கட்டுற சுருதியிலை சேருங்கோ” என்றார் ஐயர். “எனக்குப் பன்னிரண்டு மணிக்கு அக்கராயனிலை இன்னொரு தாலி இருக்கு.”

கல்லால் டக். காதைச் சாய்த்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். தவராசா மைக்கை நகர்த்திக்கொண்டு கிட்ட வந்தார். “மைக்கை இப்ப வைக்காதை, சுருதி குழம்பும்” என்று அவரைத் துரத்தினார். 10.42. நேசமலர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். பெண் தலையைக் குனிந்தபடியே அழத் தொடங்கியிருந்தாள். படம் எடுப்பவர் அது வெட்கம் என்று நினைத்துக் கிட்டப் போய் எடுத்தார்.

கமலேஸ்வரி வந்து பக்கத்தில் குந்தினார். “என்னப்பா, ஒருக்கா அடியுங்கோ. எப்பிடி அடிச்சாலும் பரவாயில்லை.”

“சுருதி இன்னும் அரைவாசி குறையுது, கமலேசு.”

“பிள்ளையின்ரை நேரம் குறையுது.”

அவர் மனைவியைப் பார்த்தார். மெல்ல, வேறு யாருக்கும் கேட்காமல், “எனக்குப் பயமாக் கிடக்கு” என்றார்.

“அது எனக்கு முப்பத்தொரு வருஷமாத் தெரியும்” என்றார் கமலேஸ்வரி. “இண்டைக்கு ஒரு நாளைக்கு அந்தப் பயத்தை என்னட்டைத் தந்திட்டு அடியுங்கோ.”

அப்படியே எழுந்து போய், தவராசாவின் கையிலிருந்த மைக்கை வாங்கிவந்து, கணவரின் முழங்காலுக்குக் கீழே வைத்துவிட்டார். கனகலிங்கத்தார் அதைக் காணவில்லை. அவர் கண்ணை மூடிவிட்டார். கல்லை எடுத்தார். ஒரே ஒரு தட்டு. ஒரு மயிரிழை ஏறினால் போதும். பிறகு வாசிக்கவேண்டியதுதான், வேறு வழியில்லை. 10.49.

‘டக்!’

நாலு கொம்பு ஒலிபெருக்கியில் அது வயல் தாண்டிப் போய்க் குளக்கட்டில் மோதித் திரும்பியது. ஐயர் இரண்டு கையையும் தூக்கி, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கத்தினார். டக், டக். முதல் முடிச்சு. டக். கனகலிங்கத்தார் காதைத் தோலோடு ஒட்டிக் கேட்டார். டக், டக், டக். இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு. ஆசீர்வதித்து எறிந்த அறுகரிசி மழைபோல விழுந்தது. நேசமலர் சத்தமாக அழுதார். மின்விசிறிகள் சுழன்றன. கனகலிங்கத்தார் கொஞ்சம் கூடிவிட்டது என்று இறக்கினார். குறைந்துவிட்டது என்று ஏற்றினார். ஆசீர்வாதம் நடந்தது. படம் எடுத்தார்கள். பந்திக்கு வரச்சொல்லி நல்லதம்பி கூப்பிட்டார். டக். டக்.

ஒருவழியாக அது சேர்ந்தது. முப்பத்தொரு வருடத்தில் இப்படிச் சேர்ந்ததில்லை. விரலால் ஒருமுறை தொட்டார். தோல் முழுக்க ஒரே சுரம். இனி மறுக்க ஒன்றுமில்லை. மூச்சை இழுத்து, கையைத் தூக்கி, கண்ணைத் திறந்தார்.

மண்டபத்தில் யாரும் இல்லை. கதிரைகள் இருந்தன. மிருதங்கத்தின் இடப்பக்க ரவையில் அறுகரிசி நிறைய ஒட்டியிருந்தது. தூரத்தில் வாழையிலைச் சத்தம் கேட்டது. கமலேஸ்வரி மட்டும் முதல் வரிசையில் இருந்தார்.

“சேர்ந்திட்டுது” என்றார் கனகலிங்கத்தார்.

“கலியாணம் முடிஞ்சுது” என்றார் கமலேஸ்வரி. “பரவாயில்லை. இப்ப ஒருத்தரும் இல்லை. வாசியுங்கோ, நான் கேக்கிறன்.”

கை அப்படியே மேலே நின்றது. கூரைக்குக் கீழே வெயில் இல்லை, மழை இல்லை, சபை இல்லை. ஒருமுறை இறக்கினால் போதும். அவர் கையைப் பார்த்தார். மிருதங்கத்தைப் பார்த்தார்.

“சாப்பிட்டிட்டு வாசிக்கிறனே” என்றார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியதகப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “ஐயா, எத்தினை கலியாணம் பாத்திட்டன். எல்லா இடமும் காது கிழியிற மாதிரி அடிப்பாங்கள். நீங்கள் எண்ணி எண்ணிப் போட்டியள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒவ்வொரு அடி. என்ன ஒரு அடக்கம்! இது என்ன முறை?”

கனகலிங்கத்தார் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். இதை நீங்கள் நம்பவேண்டும், திறந்தார். கமலேஸ்வரி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது பழைய முறை” என்றார் கனகலிங்கத்தார். “இப்ப ஒருத்தருக்கும் தெரியாது.”

பாயசம் ஊற்றும் நேரத்தில் பூநகரி வான் வந்து சேர்ந்து, நாதஸ்வரமும் தவிலும் சாப்பிடுகிறவர்களின் காதுக்குள் முழுக் கெட்டிமேளத்தையும் கொட்டித் தீர்த்தன. அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தவர்கள் பலர். வித்துவானின் வாசிப்பைக் கேட்டபின் இது வெறும் இரைச்சல் என்றார்கள். அந்த வருடம் மூன்று கலியாண வீடுகளில் இருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. மேடை கண்டாகிவிட்டது, மிருதங்கத்தில் இனிப் பழக என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இப்போது வீணை. வீணைக்கு நரம்பு வந்திருக்கிறதாம்; அது இந்த வெயில் மழைச் சுவாத்தியத்துக்குச் சரியில்லையாம்.

இவ்வளவும் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் வந்து வந்து போயிருக்கும். அவருக்கு இதைக் காட்டவேண்டும் என்று கை துடிக்கும். காட்டுங்கள். ஆனால் ஒன்று. கமலேஸ்வரி இதை ஒரு பின்னேரம் கணவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தேங்காய் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்தார். “இந்த ஆளை எனக்குத் தெரியும்” என்றார். “முறிகண்டியிலை வயலின் பழகிறவர். அச்சு அசல் அவர்தான். ஆரோ நல்லாப் பாத்து எழுதியிருக்கினம்.” உடனே அவருக்கு அனுப்பிவைத்தார். முறிகண்டிக்காரரும் சிரித்துவிட்டு, பரந்தனில் ஹார்மோனியம் பழகும் ஒருவருக்கு அனுப்பினார் என்று கேள்வி.

அது போகட்டும். “படிச்சுப் பாருங்கோ, நல்ல பகிடி” என்று இதை உங்களிடம் தந்தது யார்?